வலிக்காத இடம்

தண்ணீருக்குள் முட்டி வலிக்கவில்லை. ரெக்சன் ஏமாந்தது அதில்தான்.

சங்கு குளித்துத் திரும்பிய ஒரு நாள், வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்தபோது இடது கால் ஈர மணலில் புதைந்து முட்டி உள்பக்கமாக மடங்கியது. ஸ்கேன் பார்த்த டாக்டர், ஜவ்வு முழுக்க அறுந்துபோகவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்றார். முட்டிக்கு பெல்ட், மில்லர்புரத்தில் பிசியோதெரபி. அங்கே இந்துமதி என்ற பெண் காலை மடக்கவும் நீட்டவும் சொல்லிக்கொடுத்தாள். வீக்கம் வற்றியதும் பெல்ட்டைக் கழற்றி மூலையில் எறிந்தான். பயிற்சியும் நின்றது. மறுபடி காட்ட வரச் சொன்ன நாளில் அவன் போகவில்லை.

கடலில் இறங்கிப் பார்த்தான். சங்கு குளிப்பவர்கள் உடம்பு சரியாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்பதில்லை. காது அடைப்பு போய்விட்டதா, நெஞ்சுச் சளி கரைந்துவிட்டதா, எல்லாவற்றையும் முங்கித்தான் பார்ப்பார்கள். இவனும் இடுப்பளவுத் தண்ணீரில் நீந்தினான். வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த கால் மீன்வால் போல அடித்தது.

"தரையில நொண்டுதீக, கடலுக்குப் போறேங்கீக" என்றாள் மனைவி எமில்டா.

"ஏளா, நான் என்ன தரையிலயா சங்கு பொறுக்குதேன்?"

"ஆமா, வள்ளத்துக்குப் பறந்து போவீக."

மறுநாள் போனான். வள்ளத்தில் மச்சான் ஜீவமணி கயிற்றையும் காற்றுக்குழாயையும் பார்த்துக்கொண்டான். குழாயை வாயில் கடித்தபடி ரெக்சன் இறங்கினான். அடியில் நீரோட்டம் வலுத்திருந்தது. திரும்புவதற்காகக் காலை உதைத்தான். பாதத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் துடுப்பை ஓட்டம் பிடித்து முறுக்கியது. முட்டிக்குள் ஏதோ வழுக்கியது.

வலி வருவதற்கு முன்னால் பயம் வந்தது. இன்னொரு முறை உதைத்தான். கால் கேட்கவில்லை. அது இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தான். குழாயில் வருகிற காற்று போதாததுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்து ஆட்டினான். மேலே தூக்கினார்கள்.

வள்ளத்தின் ஓரத்தில் தொங்கிய டயரில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். இடது காலை வைத்தான். அதை ஊன்ற உடம்பு மறுத்தது.

"ஏலே, ஏறு. ஆரத்தி எடுக்கணுமோ?" என்றான் ஜீவமணி.

"காலு வரல மச்சான்."

"எந்தக் காலு?"

ரெக்சன் இரண்டு கையாலும் டயரைப் பிடித்துத் தொங்கினான். முங்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயம் கீழே இழுத்தது. அதை அவிழ்க்க ஒரு கையை விட வேண்டும். விட்டால் போய்விடுவோம் என்று நினைத்தான். ஜீவமணியின் சிரிப்பு நின்றது. அவனும் வள்ளத்தில் கூட வந்திருந்த பொன்னுதுரையும் கக்கத்தில் கைகொடுத்து உப்பு மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்கள். வெயில் சுட்ட பலகையில் கிடந்தும் ரெக்சனுக்குக் குளிர் விடவில்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

மறுநாள் காலையில் மில்லர்புரம் போனான். இந்துமதி முட்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தபோது அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசா கிழிஞ்ச மாதிரி தெரியல. டாக்டரும் ஒரு தடவ பாத்துரட்டும்."

"பெறகு ஏன் கைவிட்டுச்சு?"

அவள் இரண்டு தொடைகளையும் டேப்பால் அளந்து காட்டினாள். இடது தொடை மெலிந்திருந்தது. "தண்ணிக்குள்ள உங்க வெயிட்ட தண்ணி தாங்குது அண்ணாச்சி. காலுல பலமில்லங்கறது அங்க தெரியாது. பெல்ட்ட எடுத்து மாட்டுங்க. முதல்ல இருந்து செய்யணும்."

ஒரு சாண் உயரம்கூட இல்லாத பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். இடது காலை வைத்து ஏறச் சொன்னாள். ரெக்சனுக்குக் கழுத்து வேர்த்தது.

"கம்பியப் பிடிச்சுக்கிடட்டா?"

"பிடிச்சுக்கோங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினான். இனி அதே முட்டியை மடக்கித்தான் இறங்க வேண்டும். அங்கேயே நின்றான்.

நாற்காலியில் கிடந்த அவனுடைய போன் அடித்தது.

"யாரோ ஜீவமணின்னு வருது" என்றாள்.

"நீங்களே எடுங்கம்மா."

அவள் எடுத்துக் கேட்டாள். "திங்கக்கிழமை வருவீங்களான்னு கேக்காங்க."

"வரலன்னு சொல்லுங்க."

"பெறகு எப்பன்னு கேக்காங்க."

ரெக்சன் குனிந்து பார்த்தான். முட்டி ஆடிக்கொண்டிருந்தது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.