கடைசித் தோல்

"உரிச்சுச்சா?" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். மேசை மேலிருந்த சீசாவைப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். "அதுவும் உன்னை மாதிரிதான். கிளம்பறதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே அவள் இதயம் நின்றுவிட்டது என்று பிறகு வந்து சொன்னார்கள்.

சீசாவில் இருந்தது ஓர் ஆண் சிலந்தி. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பிடித்தது. அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் சிலந்திப் பிரிவில் வேலை. அவள் எழுதுவதற்கெல்லாம் படம் வரைவது நான். அதே மூலையில் முதலில் கிடைத்த பெண் சிலந்தியை நுண்ணோக்கியில் பார்த்து, இந்த இனத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்று அவள் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. வைக்கப்போகும் பெயர் தயார்: அம்மாவின் பெயர்.

"ஆயுசு முழுக்க சிலந்தியை வெளக்குமாத்தாலயே அடிச்சுக் கொன்னிருக்கா. ஒண்ணாவது அவ பேரைச் சொல்லிப் பொழைக்கட்டும்" என்றாள் அக்கா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மாடி வீட்டுக்காரி முதல் பல் வைத்தியர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள்.

பெயரை அறிவிக்கும் கட்டுரையைத் தடுத்தது நான். பெண்ணை மட்டும் வைத்தும் எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஆணின் வாயருகே உள்ள இரண்டு சிறு உறுப்புகளின் வடிவம்தான் ஓர் இனத்தை அடுத்ததிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டும். கடைசித் தோலை உரிக்கும்வரை அவை வெறும் மொட்டுகள். எங்கள் ஆணுக்கு இன்னும் ஒரு தோல் மீதி இருந்தது. இருப்பதே போதும், அனுப்பிவிடலாம் என்றாள் அக்கா. அரைகுறைப் படத்தோடு அம்மா பெயரை அச்சில் போடுவாயா என்று கேட்டேன். அக்கா சீசாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அவள் போன ஆறாம் நாள் காலை, சீசாவுக்குள் கழற்றிப்போட்ட கையுறை மாதிரி தோல் கிடந்தது. பக்கத்தில் ஆண் நின்றது. இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். அவ்வளவு நல்ல படம் நான் அதற்குமுன் வரைந்ததில்லை. அக்காவின் பெயரில் கட்டுரையை அனுப்பினேன்.

ஆய்விதழின் ஆசிரியர் இரங்கல் சொல்லி எழுதியிருந்தார். வேறொரு நாட்டில் ஒருவர் இதே சிலந்தியைக் கண்டு, போன வாரம்தான் பெயர் வைத்து அச்சேற்றியிருக்கிறார். எங்கள் தொழிலில் முதலில் அச்சேறியதுதான் பெயர். அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். பெண் சிலந்தி மட்டும். அவசரமாக வரைந்த படம். அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தடுத்ததையும்.

"என்ன பேராம்?"

"ஏதோ ஆத்தோட பேரும்மா."

அம்மா சொன்னாள்: "எனக்குப் பிடிச்சிருக்குன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலடா நான்."

ஆணைப் பற்றிய முதல் குறிப்பாக என் படம் வரப்போகிறது, அந்த ஆற்றின் பெயருக்குக் கீழே. அந்தப் பெண் சிலந்தியைப் பாதுகாக்கும் ஆல்கஹால் குப்பிக்குள் அக்கா பென்சிலால் எழுதிப் போட்ட சீட்டில் அம்மா பெயர்தான் இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அம்மா விளக்குமாற்றோடு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போகிறாள். திங்கட்கிழமை அதே மூலையில் வலை இருக்கிறது.