பின்சக்கரம் சாய்ந்த பக்கம்

மோட்டார் சைக்கிளின் மூன்றாவது செயினும் தேய்ந்து போய்விட்டது. கண்ணாடிக்காரர் அதைக் கழற்றிப் பழைய துணியின் மேல் நீளமாகப் போட்டு, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தார். நன்றாகவே வளைந்தது, அவ்வளவு தேய்மானம். மாட்டி முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "இது செயினா, நாடாவா?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். சன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே முழிப்பார், கண்ணாடிக்காரர் என்றால் தெருவே கை காட்டும்.

வண்டி அவரைவிட வயதில் மூத்தது. எடைக்குப் போட இருந்ததை இரும்புக்கடையிலிருந்து மீட்டு, அவரும் சிநேகிதனான வெல்டரும் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து உயிர் கொடுத்தார்கள். அதை வேறு யாரும் ஓட்டக்கூடாது என்பது அவர் சட்டம். வெல்டரே கேட்டாலும், "பின்னாடி வேணா ஒக்காரு" என்பார். பெண்டாட்டியையும் பின்னால்தான் உட்காரவைத்தார். அப்படி உட்கார்ந்தவளைத்தான் போன மழைக்காலத்தில் மார்க்கெட் திருப்பத்தில் கீழே போட்டார். செயின் கழன்று சிக்கிக்கொண்டு, பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். அவள் தையற்காரி. இன்றுவரை கத்தரிக்கோலை முழுசாக மூட வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவளுடைய அண்ணன் பிடித்துக்கொண்டார். "ஒரு செயின ஒழுங்கா பாக்கத் தெரியாதவனுக்கு வண்டி ஒரு கேடா?" கண்ணாடிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "தப்பு என்னுதுதான் மச்சான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அறைக்குள் போனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கோபப்படட்டும், நியாயம்தானே என்று கட்டிலோரம் நின்றார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குள் ஒரே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. தன் கவனக்குறைவா, இல்லை வேறு ஏதாவதா? வேறு ஏதாவதென்று தெரிந்துவிட்டால் போதும், அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

வெல்டர் கூடவே இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு ஞாயிறு தவறியதில்லை. பின்பக்கம் தொய்கிறதே என்று ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்ததால் அதுதான் குற்றவாளி என்று கண்ணாடிக்காரர் சந்தோஷப்பட்டார். பிறகும் செயின் தேய்ந்தது. முன்னும் பின்னும் பல்சக்கரங்களை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் தேய்ந்தது. "சரக்கு சரியில்லண்ணே. இப்பல்லாம் எவன் நல்ல செயின் போடுறான்?" என்று ஒவ்வொரு தடவையும் அவன்தான் தீர்ப்புச் சொன்னான். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கிச் செயின் இறுகும் என்பதால், ஆளை உட்காரவைத்துத்தான் அதன் தொய்வைப் பார்ப்பார்கள். அந்த வேலை எப்போதும் வெல்டருக்குத்தான். "சும்மா ஒக்காந்திருக்கிறதுல என்ன அடிச்சுக்க ஆளே இல்லண்ணே" என்று தொந்தியைத் தட்டிக்கொண்டு ஏறுவான்.

இன்றும் புதுச் செயினை மாட்டியதும் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடிக்காரர் கீழே படுத்தார். அச்சின் இரண்டு பக்கமும் குறிகள் ஒரே கோட்டில் நின்றன. அப்படியானால் சக்கரம் நேராக இருக்கவேண்டும். ஆனால் போன மாதம் மாற்றிய பின் பல்சக்கரத்தில் பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. இத்தனை நாளும் குறியையே நம்பிவிட்டோமே என்று அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், கண்ணாடி வெட்ட வைத்திருக்கும் நீள அலுமினிய ஸ்கேலை எடுத்துவந்து, பின் டயரை ஒட்டிப் பிடித்து முன் டயர்வரை நீட்டினார். ஒரு பக்கம் தொட்டது, மறுபக்கம் கட்டைவிரல் நுழைகிற இடைவெளி.

"குறி சரியாத்தாண்டா இருக்கு. சக்கரத்தத் தாங்குற ஆர்மே கோணலா இருக்கு."

மேலே இருந்தவன் சீட்டில் நெளிந்து உட்கார்ந்தான். "பழைய வண்டி இல்லியாண்ணே, வரும்போதே அப்படி இருந்திருக்கும்" என்றான்.

கண்ணாடிக்காரர் மறுபடி படுத்து, ஆர்ம் என்ற அந்த இரும்புக் கையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பெயின்ட் தடித்திருந்தது. பையிலிருந்த பிளேடால் சுரண்டினார். கறுப்பு உரிந்து உள்ளே பற்றவைத்த தழும்பு தெரிந்தது. மேலே நன்றாகத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தார்கள். கை எட்டாத அடியில் மட்டும் விட்டுவிட்டார்கள். முடிகிற இடத்தில் அது ஒரு சின்ன வாலாகப் பின்னோக்கித் திரும்பியிருந்தது. ஊரில் எத்தனையோ வெல்டர்கள் இருக்கிறார்கள். வாலைத் திருப்பிவைத்து முடிப்பவன் ஒருவன்தான். கண்ணாடிக் கடையின் கதவில் அந்த வால் இருக்கிறது, அவள் தையல் மெஷினின் காலில் இருக்கிறது. "இது நம்ம கையெழுத்துண்ணே" என்று அவனே பீற்றிக்கொண்டதுண்டு.

"எறங்கு" என்றார்.

"என்னாச்சுண்ணே?"

"எறங்குடா."

இறங்கி நின்றான். கண்ணாடிக்காரர் எழுந்திருக்காமல் படுத்தபடியே அவன் கால்களைப் பார்த்துக் கேட்டார். "எப்ப?"

அவன் மறைக்கவில்லை. "போன மழைக்கு முன்னாடி நீங்க அந்தப் புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடி போட வெளியூர் போயிருந்தீங்கள்ல, அப்பண்ணே. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்னு ஆசை. நானும் கூட ஒழச்சவன்தானேன்னு ஒரு எண்ணம். மணல்ல வழுக்கிடுச்சு. ஆர்ம் விண்டுபோச்சு. நேராக்கி நல்லாத்தாண்ணே பத்த வச்சேன்."

"இத்தன நாளா இதுமேலயே ஒக்காந்துகிட்டு, சரக்கு சரியில்ல, சரக்கு சரியில்லன்னியேடா! ஷாக்க மாத்துன்ன. பல்சக்கரத்த மாத்துன்ன. ஆஸ்பத்திரிக்கு வந்து அவ கையப் பாத்தியேடா!"

"சொல்லிரணும்னுதாண்ணே ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்தேன்."

அடித்திருப்பார். அடிப்பதற்கு எழுந்தே விட்டார். அப்போதுதான் அது உறைத்தது. வெளியூர் போகும்போது சாவியை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவார்.

"சாவி யாரு குடுத்தா?"

வெல்டர் வீட்டுக் கதவைப் பார்த்தான், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. அர மணி நேரத்துல வந்துர்றேன்னு கெஞ்சித்தான் வாங்கினேன்."

"நீ விழுந்தது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. பத்த வச்சதும் தெரியும். நான்தான் சொல்லாதீங்கன்னேன்."

கண்ணாடிக்காரர் ஓங்க வந்த கையை இறக்கிக்கொண்டார். இவன் கூடவே இருந்து குழி பறித்தான், சரி, வெளியாள். அவள்? வராந்தாவில் அண்ணன் கிழித்துத் தொங்கவிட்டபோது உள்ளிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் அவர் குற்றவாளிபோல் வீட்டுக்குள் நடந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். பயந்திருப்பாள், பாவம் என்று ஒரு மனம் சொன்னது. பயந்தால் என்னைப் பலி கொடுப்பாளா என்று இன்னொரு மனம் கத்தியது. "போடா. இனிமே இந்தப் பக்கம் வராத" என்று மட்டும் சொன்னார். வெல்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை முறிந்ததிலிருந்து அவர்தான் பின்னிவிடுகிறார். முதலில் கோணலும் மாணலுமாக வரும், இருவரும் சிரிப்பார்கள். இப்போது நன்றாகவே வருகிறது. அவள் இடது கையால் சீப்பைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"இன்னிக்காவது என்னன்னு தெரிஞ்சுதா?"

அவர் சிக்கெடுத்து, முடியை மூன்றாகப் பிரித்தார்.

"தெரிஞ்சுது."

"செயின்தானா?"

"இல்ல. அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

அவள் திரும்பவில்லை. பின்கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழும்பி நின்றது. மடியில் கிடந்த வலது கையை இடது கை தேடிப்போய் மூடிக்கொண்டது. கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் பாதத்தில் விழுந்தது. மூன்று புரிகளையும் விரல்களில் பிடித்தபடி, விடவும் முடியாமல், எதை எதன்மேல் போடுவது என்பது மறந்துபோய், அவர் நின்றுகொண்டிருந்தார்.