கைதூக்காத பதினோரு பேர்

காசநோய் வந்தவர்களின் பெயரை அவரவர் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா, கூடாதா? அன்றைய கூட்டம் இதற்குத்தான். எங்கள் நகராட்சி வார்டில் நோயாளிகள் பதினோரு பேர். அதில் ஒருத்தி நான். கொடுமை என்னவென்றால், சுகாதார அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவளும் நான்தான்.

மற்ற பத்துப் பேர் யாராக இருக்கும்? எழுதிக்கொண்டே ஒவ்வொரு முகமாகத் துழாவினேன். கதவோரம் நிற்கும் பஸ் டிரைவரா? பாழாய்ப்போன ஆர்வம்! தன் பெயரை மறைக்கத் துடிக்கிறவளுக்கு அடுத்தவர் பெயர் எதற்காம்?

"பேரைப் போடுங்க சார்! யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நாங்க ஜாக்கிரதையா இருக்க முடியும்?" என்றார் தையல்காரர். ஒரே கைதட்டல். இரண்டாவது வரிசையில், குழந்தையை மடியில் வைத்தபடி என் அண்ணி. என் போன் அடித்தால் எனக்கு முன்னால் எட்டிப் பார்க்கிறவர், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"எதிர்த்துப் பேசக் கை தூக்கறவங்க யாருமில்லையே? சரிம்மா, பேசாதவங்க எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்க" என்றார் கூட்டத்தை நடத்திய சுகாதார அதிகாரி.

எங்கள் வழக்கமே அதுதான். ஒன்பது வருடமாக நானும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி சார் எழுதறது? நோய் இருக்கிறவங்க எழுந்து பேசினா அப்பவே ஊருக்குத் தெரிஞ்சிடுமே! ஆளுக்கொரு சீட்டுக் குடுங்க. பேரு வேண்டாம். சொல்ல ஒண்ணுமில்லாதவங்க கோடு கிழிச்சுப் போடட்டும்."

அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் சீட்டைக் கொடுக்கச் சொன்னார். பெட்டி நிறைந்ததும் படிக்கும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

'பேரு போட்டா மாத்திரை வாங்கவே வரமாட்டேன்' என்றது ஒரு சீட்டு. தையல்காரர் பிடரியைச் சொறிந்துகொண்டார். அடுத்ததைப் பிரித்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சாமான் பட்டியலில் தினமும் பார்க்கும் அண்ணியின் கையெழுத்து.

"சத்தமாப் படிம்மா."

படித்தேன். "பேரு போடாதீங்க. எங்க வீட்டிலயும் ஒருத்தி மாத்திரை சாப்பிடறா. மாத்திரை அட்டையைப் போன வாரம் பார்த்தேன். அவளே சொல்லுவான்னு காத்திட்டிருக்கேன். ஊர்கிட்ட மறைக்கட்டும், சரி. என் குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கணுமான்னு நான் யாரைக் கேக்கிறது?"

சீட்டை மடித்து மேசையில் வைத்தேன். மூன்று மாதத்துக்கு முன் மருந்து தொடங்கியபோது, 'வீட்டில் உடன் இருப்பவர்கள்' என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதியவள் நான். உண்மையை எழுதினால் பரிசோதனைக்கு வீட்டுக்கே ஆட்கள் வந்துவிடுவார்களே என்ற பயம். படிவத்தில் பொய் எழுதக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற வாய் இது! வெட்கமாக இருந்தது.

மீதிச் சீட்டுகளையும் படித்து முடித்தபோது, பலகையில் பெயர் வேண்டாம் என்று முடிவானது. வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்றார் தையல்காரரே.

கூட்டம் கலைந்ததும் புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். 'வீட்டில் உடன் இருப்பவர்கள்' என்ற இடத்தில் அண்ணன், அண்ணி, குழந்தை என்று எழுதிக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

"அண்ணி, குழந்தைக்கு வயசு ரெண்டா, ரெண்டரையா?"

அண்ணி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ரெண்டே கால். இதையாவது சரியா எழுது."