சேதுபதியின் தழும்புகள்

சேதுபதி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் பத்து வருடம் கரி அள்ளியவர். ஜப்பானியர் மலாய் நாட்டைப் பிடித்த பிறகு, தான் குடியிருந்த காஜா பேராங் ஊரில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்ததாகவே சொல்லி வந்தார்.

ஒரு நாள் காலை அவரைக் கூலி வேலைக்கு ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஜப்பானியக் கடற்படை அங்கே ஒரு பழைய நீராவிப் படகை ஓட்டப் பார்த்தது. எஞ்சின்காரர் மோரிதா கரியை உலையில் திணித்தார். புகைதான் வந்தது. சேதுபதிக்குப் பொறுக்கவில்லை. கரி அள்ளும் வாரியை அவரிடமிருந்து வாங்கி, கரியை மெல்லிதாகப் பரப்பிப் போட்டார். சிறிது நேரத்தில் நீராவி ஏறியது.

மோரிதா சேதுபதியின் முன்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார்.

“நீ கடற்படை ஆள்,” என்றார் அரைகுறை மலாயில்.

சேதுபதி வாரியைக் கீழே வைத்தார். “ஆமாம், துவான்,” என்றார் மரியாதையாக.

“என் அப்பாவும் கப்பலில் கரி அள்ளியவர். அவர் கையிலும் இதே தழும்பு. உலைப் பக்கத்திலேயே படுப்பாராம். நான் டீசல் மட்டும்தான் படித்தேன்.” மோரிதா குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு வராதே. கேப்டன் பார்த்தால் உன்னைக் கரி அள்ளக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்.”

வீட்டில் மனைவி விஜயா எல்லாவற்றையும் கேட்டாள்.

“நல்ல மனுஷன்தாங்க. ஆனா இங்க இருக்க வேணாம்.”

மறுநாள் விடிந்ததும் இருவரும் கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த புக்கிட் காதில் கிராமத்துக்கு நடந்தார்கள். போர் முடியும்வரை அங்கே மரவள்ளி நட்டுப் பிழைத்தார்கள். அந்தப் படகு என்னவானது என்று சேதுபதிக்குத் தெரியவில்லை. மோரிதா ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.