பாறையடியில் ஒரு பீடி நேரம்

கலையரசி ஆபீசைத் திறந்து விளக்கைப் போட்டபோது போடி ஊரில் இன்னும் விடியவில்லை. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் மலைமேல் மெட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய முதலாளியின் ஜீப்பும் அவற்றில் ஒன்று. ஓட்டுபவர் மொக்கையன். பின்னால் காயெடுக்கப் போகும் பெண்களோடு அவள் தங்கை ஈஸ்வரி. காலேஜ் லீவில் சும்மா இருப்பானேன் என்று இன்றைக்குத்தான் முதன்முதலாக மலை ஏறுகிறாள். சேர்த்துவிட்டதே கலையரசிதான்.

தோட்டத்துச் சாலை வளைவில் ஒரு கேமரா உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து, யானை நின்றால் மொக்கையனுக்குச் சொல்வது அவள் பொறுப்பு. அந்தச் சரிவில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையடியில்தான். ஜீப்பு அங்கே நிற்கும். மொக்கையன் ஒரு பீடி பற்றவைப்பார். பீடி தீரும்வரை போன் வராவிட்டால் வழி சும்மா கிடக்கிறது என்று அர்த்தம், வண்டி ஏறும். வழி நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. இத்தனை வருசத்தில் அந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை.

கேமரா பக்கத்தைத் திறந்தாள். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. இந்தப் பிரவுசரில் இந்தப் பிளகின் இயங்காது என்று நடுவில் ஒரு வரி. பிளகின் ஓடாவிட்டால் கேமராப் படம் வராது.

நேற்றுச் சாயங்காலம் காயை ஏலம் விடும் இணையப் பக்கம் பழைய பிரவுசரில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்டேட் செய்யட்டுமா என்று கேட்ட பொத்தானை அவசரத்தில் அமுக்கித் தொலைத்தாள். ஏலத்துக்குப் புது பிரவுசர் வேண்டும், கேமராவுக்குப் பழையது வேண்டும். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான் அந்தக் கம்ப்யூட்டருக்கு. கேமராப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று அவள் சொல்லாமல் இல்லை. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று முதலாளி வாயை அடைத்துவிட்டார். மலைக்கு அவரா போகிறார்?

ஆபீஸ் போனில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் சூர்யபிரகாஷைக் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்திலேயே எடுத்தான்.

“அப்டேட்ட அமுக்காதீங்கக்கான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“அத அப்புறம் பேசுவோம்ப்பா. ஜீப்பு போயிட்டிருக்கு. என்ன செய்யணும், வெரசாச் சொல்லு.”

“பிளகின அழிச்சிட்டு மறுபடி போடுங்க.”

போட்டாள். கட்டம் அப்படியே இருந்தது. செட்டிங்கில் போய் அனுமதி கொடுத்தாள், அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மாமனார் வீட்டில் தூங்கி எழும் மாப்பிள்ளை மாதிரி அது சாவகாசமாக எழுந்து வந்தது. வந்தும் அதே கட்டம்தான்.

ஜீப்பு இந்நேரம் பாறையை நெருங்கியிருக்கும். படம் வரவில்லை, ஏறாதீர்கள் என்று மொக்கையனிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கை செல்போனுக்குப் போனது. ஆனால் போன மாதம் மூடுபனியில் மரத்தூரை யானை என்று நினைத்துப் பயந்து ஜீப்பைத் திருப்பிவிட்டவள் அவள். அன்றைய காயெடுப்பே கெட்டது. “ஆனையக் கண்ணால பாத்தா மட்டும் போன் பண்ணும்மா. சந்தேகத்துக்கெல்லாம் பண்ணுனா தோட்டத்தப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான்” என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. கை திரும்பி வந்துவிட்டது.

“அக்கா, பிரவுசர்ல பழைய முறைன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. கேமரா பக்கத்த மட்டும் அதுல தெறங்க.”

தேடிப் பிடித்துத் திறந்தாள். கட்டம் ஒருமுறை மினுங்கிவிட்டுப் படமானது. வளைவு, தடுப்புச் சுவர், ஈரச் சாலை. யானை இல்லை.

“வந்துருச்சுப்பா. ரோடு காலியாக் கெடக்கு.”

செல்போனை மேசைமேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். அப்பாடா என்றிருந்தது. மொக்கையன் இப்போது பீடியைப் பற்றவைத்திருப்பார், ஈஸ்வரி குளிரில் துண்டை இழுத்துப் போர்த்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி திரையைப் பார்த்தாள். சாலையில் ஒரு மரத்தின் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இருட்டு. இன்னும் வெயிலே வராத மலையில் நிழல் எப்படி விழும்?

“சூர்யா, படம் அசையல.”

“அது நேத்துக் கடைசியாப் பாத்த படம்க்கா. பிளகின் எந்திரிக்கிற வரைக்கும் அதத்தான் காட்டும். அதப் பாத்து முடிவு பண்ணிராதீங்க.”

முடிவு பண்ணியாயிற்று. மொக்கையனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். ஈஸ்வரிக்கு அடித்தாள். அதே குரல், அதே பதில். பீடி தீர்ந்துவிட்டது. வண்டி ஏறிவிட்டது. மறுபடி மறுபடி அடித்தாள். சாமி, சாமி என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போனில் சூர்யபிரகாஷ் எதை எதையோ அமுக்கச் சொன்னான். எல்லாவற்றையும் அமுக்கினாள். வெளியே கிழக்கு வெளுக்கத் தொடங்கியது.

கடைசியில் திரை ஒருமுறை இருண்டது. பிறகு நிழல் இல்லாத, நிறம் இல்லாத ஒரு படம் வந்தது. இந்தப் படம் அசைந்தது.

சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் ஒடிந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஜீப்பு விளக்கு எரிய நின்றது. கதவெல்லாம் திறந்து கிடக்க, உள்ளே ஒருவரும் இல்லை. மூடி கழன்ற தூக்குவாளி ஒன்று சரிவில் மெதுவாக உருண்டு வந்து சுவரில் முட்டி நின்றது. படத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கரிய முதுகு, எந்த அவசரமும் இல்லாமல், ஏலச்செடிகளுக்குள் இறங்கிப் போனது.

செல்போன் அடித்தது. மொக்கையன். திரும்பப் பாறையடிக்கே ஓடி வந்திருக்கிறார். எல்லாம் நன்றாக இருந்தால் அந்தப் பாறையடியிலிருந்து யாரும் போன் செய்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தாள்.

“அண்ணே, ஈஸ்வரி எங்கண்ணே?”

மூச்சு இரைப்பது கேட்டது. தூரத்தில் பெண்கள் அழுவது கேட்டது. எந்தக் குரலும் ஈஸ்வரியுடையதாக இல்லை.

“அண்ணே, கேக்குறேன்ல?”

“பீடி கையச் சுடுற வரைக்கும் பாத்தேன், ஆத்தா” என்றார் மொக்கையன். “நீ போன் பண்ணல. அதான ஏறுனோம்.”