திங்கட்கிழமை மூச்சு

ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் மகள் ‘பஞ்சு, நெஞ்சிறுக்கம், திங்கட்கிழமை’ என்று தட்டிய மதியம், சமையலறைச் சுவரில், அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே பூட்டிய கதவொன்று முளைத்தது. கதவின் மேல் கட்டுரையின் சுருக்கம் மட்டும் அச்சாகியிருந்தது: பஞ்சாலைத் தொழிலாளர்களை ஊதவைத்து அளந்ததில், விடுமுறை கழிந்த முதல் நாள் மூச்சு குறைகிறது. மீதியைப் படிக்கச் சந்தா வேண்டும். அம்மா கைப்பிடியில் கரித்துணியைத் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பஞ்சாலையில்தான் வேலை. திங்கட்கிழமையானால் வேலை தொடங்கிய சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகி, பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். “லீவு முடிஞ்சா மட்டும் வர்ற நோயா? நல்லா நடிக்கிறீங்கம்மா” என்ற மேற்பார்வையாளர் விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார். ஆதாரம் காட்டாவிட்டால் வேலை போய்விடும். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆளான மகள் கதவை உதைத்துப் பார்த்தாள். கல்லூரி நூலகத்தின் கடவுச்சொல்லைச் சாவித்துவாரத்தில் சொன்னாள். அந்த இதழைக் கல்லூரி வாங்குவதில்லையாம். கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஓய்வுபெற்றுவிட்டார் என்று இயந்திரம் பதில் சொன்னது. பேராசிரியரோ, “சுருக்கம் இருக்கே, போதாதா?” என்றார். “பாத்திர மூடிய மோந்து பாத்தா பசி அடங்குமா சார்?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு முந்தைய நாள் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இது என் இருமல்டி.”

“உளறாதம்மா.”

“நீ வயித்துல இருந்தப்போ வெள்ளைக் கோட்டுக்காரங்க வந்து குழாய்ல ஊதச் சொன்னாங்க. ஊதினேன். எதுக்குன்னு யாரு சொன்னா?”

ஊதியவளுக்கே பூட்டா என்று மகளுக்குக் காது சிவந்தது. அம்மா கோபப்படவில்லை. குனிந்து, “நான்தான், திற” என்று சாவித்துவாரத்தில் ஊதினாள். திறந்தது.

உள்ளே அலமாரி அலமாரியாகக் கண்ணாடிக் குழாய்களில் மூச்சுகள். திங்கட்கிழமை மூச்சுகள் பாதிக் குழாய்க்கு மேல் எட்டவில்லை. சுவர் முழுக்க அட்டவணைகள். மகள் அவற்றைப் படியெடுத்தாள். அம்மா தன் குழாயை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். மறுநாள் விசாரணை மேசையில் அட்டவணைகளை யாரும் புரட்டவில்லை. மேற்பார்வையாளர் அம்மா நீட்டிய குழாயின் மூடியைத் திறந்து மோந்தார். நெஞ்சு இறுகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். பேச்சு வரத் தொடங்கியதும், அம்மாவைப் பஞ்சு பறக்காத பகுதிக்கு மாற்றச் சொன்னார்.

அடுத்து வந்த வருடங்களில் மற்ற தொழிலாளர்களும் வந்து, அடுப்பைச் சுற்றி உள்ளே போய், அவரவர் மூச்சை எடுத்துப்போனார்கள். அலமாரிகள் காலியான பிறகு அம்மா அங்கே கொடி கட்டினாள். தூசி அண்டாத அறை. மழைநாளிலும் துணி நன்றாகக் காய்கிறது.