மீன்களுக்கு நீட்டிய கால்

அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த அன்று அவள் வீட்டுக்காரர் கொடுத்த பரிசு, மீன்களிடம் கால்களைக் கடிக்கக் கொடுக்கும் வைத்தியம். வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் அதற்கென்று ஒரு கடை. கண்ணாடித் தொட்டிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், விரல் நீள மீன்கள் வந்து செத்த தோலைத் தின்னுமாம். தின்னாமல் என்ன செய்யும்? பட்டினி போட்டல்லவா வைத்திருக்கிறார்கள்.

மாமா கார் விற்கும் கடையில் மேலாளர். ஊரில் எது புதிதாக வந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு, அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற மாதிரி அளப்பார். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. கரும்பலகை முன்னால் வருடக்கணக்காக நின்று நின்று குதிகால் வெடித்துப் போயிருக்கிறது. அவர் அதைச் சொல்லிக் கேலி செய்யாத விருந்தே கிடையாது. "எங்க வீட்டம்மா கால் பட்டா பெட்ஷீட்டே கிழிஞ்சிடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் கூடவே சிரித்து வைப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகள், நான். நாலு பேரும் குழாயடியில் கால் கழுவும்போது கடைப் பெண் வந்து கேட்டாள்.

"யாருக்காவது சுகர் இருக்கா? கால்ல புண்ணு கிண்ணு?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுவது எனக்குத் தெரியும். புது ஷூ கடித்து அவர் சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்ததும் கண்ணில் பட்டது.

"மாமா, நீங்க வேணாம். வெளிய உக்காருங்க," என்று காதோரம் சொன்னேன்.

"கட்டுப் போடுறவங்க எல்லாம் டாக்டராயிட்டாங்கப்பா!" என்று கடைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் காலை விட்டார்.

கடைப் பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். விசேஷ நாளில் சண்டை வேண்டாமாம்.

மீன்கள் நேராக அக்காவின் குதிகாலில் போய் மொய்த்தன. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பாருங்க சார், பாருங்க! இன்னும் ஒரு வாரத்துக்கு இதுங்களுக்குச் சாப்பாடே போட வேணாம்!"

எதிரே கால் நனைத்திருந்த இளம் ஜோடி சிரித்தது. அது போதாதா அவருக்கு? "இருபத்தஞ்சு வருஷமா நான் படுற பாடு இப்பதான் இந்த மீனுக்குத் தெரியுது!"

"அப்பா, போதும்ப்பா," என்றாள் மகள்.

இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டு கொண்டுவந்த கடைப் பெண் சட்டென்று நின்றாள். மாமாவின் சுண்டுவிரலிலிருந்து நூல் மாதிரி சிவப்பாக ஒன்று தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

"சார், காலை எடுங்க. ரத்தம் வருது."

இளம் ஜோடி நாலு காலையும் ஒரே நேரத்தில் வெளியே தூக்கியது.

"கொசுக்கடிம்மா. சொறிஞ்சுட்டேன், அவ்வளவுதான்."

"உங்களுக்கு சுகர் இருக்கா சார்?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்!"

"இருக்கும்மா," என்றாள் அக்கா. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற அதே குரல். "மூணு வருஷமா இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மாத்திரைய நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

மாமா அவசர அவசரமாகக் காலை வெளியே எடுத்தார். எதிரே இருந்த பையன், "ஏன் சார், கேட்டப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தான். கடைப் பெண் எல்லோரையும் எழுப்பிவிட்டுத் தொட்டிக்குக் குறுக்கே கயிறு கட்டினாள்.

என் பையிலிருந்த பஞ்சால் விரலைத் துடைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். நாளைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "மெதுவாம்மா, எரியுது," என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"கிளம்பலாம். தண்டக் கடை," என்று ஷூவை மாட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு இன்னும் எவ்வளவு நேரம்மா பாக்கி இருக்கு?"

"பத்து நிமிஷம் மேடம். பக்கத்துத் தொட்டியில உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஒரு பக்கம் மகள், மறு பக்கம் நான். மாமா வெளியே போய் நின்றார். ஒரு கால் பேன்ட் சுருட்டியபடியே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"அம்மா, அப்பா கூப்பிடறாரு."

"தெரியுது," என்றாள் அக்கா. "கூசுதுடி, ரொம்பக் கூசுது," என்று சொல்லிக்கொண்டே காலை இன்னும் ஆழமாக இறக்கினாள்.